பார்சல் ஆபீஸுக்குப் போர்த்திய பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் டாக்டர் சிதம்பரநாதன் வீட்டு பேஸ்மெண்ட். எங்கள் தமிழ் மன்றத்தின் செயற்குழு வட்டமாக உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு பேப்பர் தட்டு, அதில் ஆறிப்போன சமோசா. முகங்களில் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்களின் அடக்கம்.

டாக்டருடைய ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் பீரோ உயரம். அவற்றிலிருந்து ஒரு இங்கிலாந்துப் பையன் பாடிக்கொண்டிருந்தான். பாடிக்கொண்டிருந்தான் என்று சொல்வது என் தாராள மனசு. பல் டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பவன் முனகுவதுபோல இருந்தது. அவனுக்குப் பின்னால் இரண்டு கிடார்கள் நிற்காமல் கணகணவென்று தொணதொணத்தன.

மன்றத்தின் பொருளாளர் ரகு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், இதுல தமிழ் எங்க சார் இருக்கு?"

மன்றத் தலைவரான டாக்டர் கையை உயர்த்தினார். "வெயிட் பண்ணுங்க ரகு. அடியில ஒரு டும் டும் கேக்குதுல்ல? அதுதான் நம்ம பையன்."

நாங்கள் எல்லோரும் முன்னால் குனிந்து டும் டும்மைத் தேடினோம். இதயநோய் மருத்துவரின் வீட்டில் இப்படிக் குனிந்து துடிப்பைத் தேடுவதில் ஒரு பொருத்தம் இருந்தது. யாரோ ஒருவர், "ஆமா, ஒரு கர்நாடக டச் இருக்கு" என்றார். அப்படி எதுவும் இல்லை.

அந்த மன்றத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் அமெரிக்க வாடகை வீட்டைப் பற்றி எழுதியதற்கே பழைய சிநேகிதி ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு மிஞ்சியிருக்கும் சிநேகிதிகள் கொஞ்சம்தான்.

மகளின் அறையில் நடந்த சோதனை

அந்த இசைத்தட்டு டாக்டரிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும்.

டாக்டருக்கு ஒரே மகள், திவ்யா. ஹைஸ்கூலில் படித்தாள். தமிழில் எதைச் சொன்னாலும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். எஸ்.ஏ.டி. பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த முனகலையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்பது அவருக்கு வருத்தம். ஒரு நாள் பறிமுதல் செய்ய மேலே போனார். தட்டோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார், ஏதாவது ஆபாசம் அகப்படும் என்று.

அகப்பட்டது ஒரு பெயர். பேஸ் கிடார்: சுதன் குலவீரசிங்கம்.

படியிறங்கி வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். "ஹெலன், கைல சி.டி.ய வச்சுக்கிட்டு, 'நம்மாளு, நம்மாளு'ங்கறாரு. எனக்குப் பயமாப் போச்சு."

குழுவின் பெயர் 'த பார்சல் ஆபீஸ்'. எங்கள் செயற்குழுவில் முதலில் இதைக் கேட்ட ஒருவர், சாப்பாடு பார்சலா என்று விசாரித்தார். வடக்கு இங்கிலாந்தில் எங்கோ ஒரு நனைந்த ஊரில் உருவான குழு. நான்கு பையன்கள். அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். 'சிறு மன்னிப்புகள்' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். அட்டையில் அவர்கள் படம் கிடையாது. காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் ஒரு காலி நாற்காலியின் படம். அதுவும் கொஞ்சம் கலங்கியிருக்கும்.

லண்டன் பத்திரிகை ஒன்று இந்த ஆல்பத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருந்தது. திவ்யா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என்னிடம் காட்டினாள். இரண்டு முறை படித்தேன். பாட்டு நல்லா இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது.

பாளையங்கோட்டை பேஸ்

பண்பாட்டுச் செயலாளர் என்ற முறையில் நான் அந்த ஆல்பத்தைக் கேட்டாகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மருந்து கம்பெனி லேபில் வேலை பார்த்தேன். திவ்யா கேசட்டில் பதிந்து கொடுத்ததைக் காரில் போட்டுக்கொண்டு ஃப்ரீவேயில் போவேன்.

பாட்டுக்குப் பாட்டு மழை. பஸ் ஸ்டாப்பில் மழை, அவள் போய்விட்ட பிறகு மழை, அவள் வருவதற்கு முன்பும் மழை. நான் திருநெல்வேலிக்காரி. மழை வந்தால் குடத்தை எடுத்து வெளியே வைக்கிற ஜாதி. மழைக்காக இத்தனை துக்கப்பட என்னால் முடியவில்லை. போகட்டும், அந்தப் பெண்ணாவது குடை கொண்டுபோயிருக்கலாம்.

ஆனால் ஒன்று. பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் நான் பன்னிரண்டு வயதிலிருந்து ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவள். அங்கே பேஸ் என்ற அடிக்குரல் பாடுகிறவர்களை யாரும் மதிக்கமாட்டார்கள். ராகம் பிடிபடாத ஆண்களைப் பின்வரிசைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பின்வரிசை மொத்தமும் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டது. நாங்கள் மூன்று வரிசை மட்டும் எழுந்து பாடினோம். அடி நழுவிய பந்தல் மாதிரி பாட்டு மெல்லச் சரிந்து, கடைசிச் சரணம் வேறு சுருதியில் முடிந்தது. ஆயர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அதனாலோ என்னவோ, ஆல்பத்தின் ஆறாவது பாட்டில் என் காது மாட்டிக்கொண்டது. பாடகன் வழக்கம்போலப் பல்வலியில் இருக்கிறான். கிடார்கள் தொணதொணக்கின்றன. அடியில் இந்த சுதன் மட்டும் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நிதானமாக நடந்துபோகிறான். யாரையும் முந்தவில்லை, யாருக்கும் பின்தங்கவும் இல்லை. அவன் ஒரு இடத்தில் நிறுத்தினான். பாட்டே காலடி தவறியதுபோலத் தடுமாறியது. நான் இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

இதை டாக்டரிடம் சொன்னேன். "வெரி குட். அப்போ கர்நாடக டச் இருக்கு" என்றார்.

டெலிபோனில் யாழ்ப்பாணம்

எங்கள் மன்றத்தின் ஒரே கலைச் சேவை பொன்னாடை போர்த்துவது. தி.நகரில் மொத்தமாக வாங்கி வந்த பெட்டி ஒன்று டாக்டர் வீட்டு கராஜில் இருக்கும். நியூ ஜெர்சி வழியாகப் போகும் எந்தத் தமிழனும் அதிலிருந்து தப்பமுடியாது. மகனைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்குப் போர்த்தி, 'நிர்வாகச் செம்மல்' என்று பட்டமும் கொடுத்திருக்கிறோம். அவர் அழுதுவிட்டார்.

பார்சல் ஆபீஸ் அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் வருவதாகத் திவ்யா சொன்னாள். பொங்கல் விழாவுக்கு அந்தப் பையனைப் பிடித்துவிடவேண்டும் என்றார் டாக்டர். 'மேற்கிசை வென்ற வேந்தன்' என்ற பட்டமும் தயார். ரெக்கார்டு கம்பெனி விலாசத்துக்கு ஒரு அழைப்பை அனுப்பிவிட்டு நான் அதை மறந்துபோனேன்.

ஒரு நாள் சமைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னால் லாரிகளின் சத்தம்.

"ஹலோ, ஹெலன் அக்காவோ? நான் சுதன் கதைக்கிறன். நீங்கள் அனுப்பினது கிடைச்சது."

லண்டன் பையன், தமிழ் சுத்தமாக வராது என்று எதிர்பார்த்து ஆங்கிலத்தைத் தயாராக வைத்திருந்தேன். பத்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பியவன், அங்கே பேசிய தமிழை அப்படியே வைத்திருந்தான்.

"வாறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. ஒண்டு கேக்கலாமோ? சோறு இருக்குமோ?"

"பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம், எல்லாம் இருக்கு தம்பி."

"வேனுக்குள்ள இருந்து சீஸ் சாண்ட்விச் திண்டு திண்டு நாக்குச் செத்துப் போச்சு." அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சால்வை போர்த்துவீங்கள் எண்டு எழுதியிருக்கு. அப்ப ஒரு படம் எடுப்பீங்களோ?"

"எடுக்காம இருப்போமா?"

"எனக்கு ஒரு பிரதி வேணும். அம்மாவுக்கு அனுப்ப. நான் பார்மசிப் படிப்பை விட்டிட்டு பாண்டோட போனதில இருந்து அவ என்னோட கதைக்கிறேல்லை. ஆல்பத்தை அனுப்பினன், பிரிக்காமல் வச்சிருக்கிறாவாம். அட்டையில ஒரு காலிக் கதிரையின்ர படத்தைப் பார்த்து அவ என்னெண்டு நம்புறது? எங்கட சனத்துக்கு முன்னால, மேடையில நிண்டு ஒரு படம் எண்டா வேற அக்கா."

அதுவரை எனக்கு எங்கள் பொன்னாடை ஒரு பெரிய தமாஷ். அதற்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ரகுவின் கிரீன் கார்டு

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ரகு ஒரு செய்தியோடு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், அந்தப் பையன் லண்டன் இல்ல சார். சிலோனாம்."

ஈழப் போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், போராளி இயக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பார்களோ என்ற பயத்தில், எங்கள் கூட்டங்களில் யாராவது இலங்கை என்று சொன்னால் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு பள்ளிக்கூடங்களைப் பற்றியோ வீட்டு விலையைப் பற்றியோ தொடரும். மேடையில் இனத்துக்காக உயிரைக் கொடுப்பவர்கள் கார் பார்க்கிங்கில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

"எனக்கு கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு சார். நாளைக்கு யாராவது ஃபோட்டோவ வச்சுக்கிட்டு, இவனுக்கும் உனக்கும் என்ன கனெக்‌ஷன்னு கேட்டா?"

"பேஸ் கிடார் வாசிக்கிற கனெக்‌ஷன்" என்றேன்.

"உங்களுக்கு கார்டு வந்தாச்சு மேடம். நீங்க ஜோக் அடிக்கலாம்."

டாக்டர் நெடுநேரம் தாடையைத் தடவினார். அவர் கெட்டவர் இல்லை. நெஞ்சுவலி என்று யார் கூப்பிட்டாலும் பனியில் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். மற்றவர் இதயத்தில் கை வைக்கும்போது அவருக்குக் கை நடுங்காது. தன் பெயருக்கு ஒரு கீறல் விழும் என்றால் மட்டும் நடுங்கும்.

"ஹெலன், டேட் மாறிடுச்சுன்னு சொல்லிடுங்க. டீசண்டா."

"நான் சொல்லமாட்டேன் சார். நீங்க சொல்லுங்க."

"என்கிட்ட நம்பர் இல்லயே."

"என்கிட்டயும் இல்ல. அவங்க வேன்ல ஊர் ஊராப் போயிட்டிருக்காங்க."

உண்மையாகவே இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அழைப்பிதழில் இருந்து அவன் பெயரை எடுத்தார்கள். கூப்பிட்டவன் வராமல் இருக்கும்படி ஆண்டவனை வேண்டிக்கொண்டு பொங்கலுக்குத் தயாரானது எங்கள் மன்றம்.

நான்கு பேர் வந்தார்கள்

பள்ளிக்கூட அரங்கம். வெளியே அழுக்குப் பனி குவிந்திருந்தது. உள்ளே பட்டுப்புடவைகளும் நாஃப்தலின் வாசனையும். சிறுமிகளின் குழு நடனம் நடந்துகொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது.

முன்னால் சுதன். குச்சியான உடம்பு, இஸ்திரி பார்க்காத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவனுக்குப் பின்னால், சோறு என்ற சொல்லை நம்பி, குழுவின் மற்ற மூன்று பேர். மூன்று வெள்ளைக்காரர்கள். குளிரில் மூக்கு சிவந்து, கிழிந்த கோட்டுகளோடு, கோயில் வாசலில் நிற்கவேண்டியவர்கள் மாதிரி இருந்தார்கள்.

டாக்டர் மேடையிலிருந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் திகில். மூன்று வெள்ளை முகங்கள் கண்ணில் பட்டதும் திகில் கரைந்து ஒரு புன்னகை எழுந்தது. ரகு ஓடிவந்து, தானே முன்வரிசையில் நாற்காலிகளைப் போட்டார். சுதனுக்கு மட்டும் நாற்காலி பற்றவில்லை. அவன் ஓரமாக நின்றான்.

மைக்கில் டாக்டர் அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் உலகப் புகழ்பெற்ற இசைக் கலைஞர் மிஸ்டர் கோலின் அவர்களை மன்றம் கௌரவிக்கிறது என்று.

கோலின் என்பவன் பாடகன். தன் பெயரைக் கேட்டதும் விருந்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்தான்.

தட்டில் பொன்னாடையோடு நான் மேடையில் நின்றேன். டாக்டர் பக்கத்தில் போய், "சார், சுதனுக்குத்தான் சார் இது" என்றேன்.

"எல்லாரும் ஒரே பாண்ட் தானே ஹெலன்" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டுப் பொன்னாடையை எடுத்துக் கோலினின் தோளில் போர்த்தினார். அரங்கம் கைதட்டியது. சுதனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க.

டாக்டர் உலகம் தோன்றும் முன்பே தமிழ் தோன்றிய வரலாற்றைத் தொடங்கினார். கோலின் பரிதாபமாகச் சுதனைப் பார்த்தான். சுதன் அவன் காதில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். பக்கத்தில் நின்ற எனக்கும், கீழே கேமராவோடு மண்டியிட்டிருந்த திவ்யாவுக்கும் கேட்டது.

"இவருடைய பாஷை பூமியைவிட வயதானதாம். தலையை ஆட்டு."

கோலின் தலையை ஆட்டினான்.

"இப்போது இவருடைய மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறார். இன்னும் மரியாதையாக ஆட்டு. ஆட்டினால்தான் சோறு."

திவ்யாவின் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்கிக்கொண்டே அவள் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் சுதனைப் பார்த்தேன். அவன் குரலில்தான் வேடிக்கை இருந்தது. கண் கேமராவைப் பார்த்துவிட்டு, வேறொருவன் தோளில் கிடந்த ஜரிகையைப் பார்த்துவிட்டு, தரைக்குப் போனது.

ஒரு பாட்டும் கேட்டார்கள். என் காரில் கிடந்த கோயில் கிடாரை வாங்கிக்கொண்டு கோலின் மழையில் நனைந்தான். முன்வரிசை மாமி ஒருவர் என் புடவையை இழுத்து, "பாவம், பையனுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார்.

காலி அரங்கம்

சாப்பாட்டுக்குக் கூட்டம் காஃபிடேரியாவுக்குப் போனது. கோலினைச் சுற்றிப் படம் எடுக்கும் வரிசை. ரகு இரண்டு முறை நின்றார். சுதன் ஒரு மூலையில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கோ தம்பி" என்றேன்.

"பரவாயில்லை அக்கா. நல்ல சாம்பார். கொஞ்சம் இனிக்குது."

திவ்யா வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஆன்ட்டி, ஐ ஹேவ் ஃபிலிம் லெஃப்ட்" என்றாள். பிறகு, நான் அவளிடம் அதற்கு முன் கேட்டிராத தமிழில், சுதனிடம் சொன்னாள். "நீங்க வாங்க. கை கழுவிட்டு வாங்க."

காலி அரங்கத்துக்குப் போனோம். பொங்கல் பேனர் இன்னும் தொங்கியது. மேடைக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து திவ்யா புதுப் பொன்னாடை ஒன்றை எடுத்து உதறினாள். நான் அதைச் சுதனின் தோளில் போர்த்தினேன். அவன் இரண்டு கைகளையும் கூப்பி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைப்பாக நின்றான். திவ்யா ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கக் கதவு வழியாக டாக்டர் வந்தார். தன் பேச்சுக் குறிப்பை மறந்து வைத்துவிட்டாராம்.

மேடையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். திவ்யா கேமராவை இறக்கவில்லை.

"அப்பா," என்றாள், "ஐதர் கெட் இன் தி பிக்சர் ஆர் கெட் அவுட்."

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. வெட்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கேமராவின் பிளாஷ் விளக்கில் சிவப்புப் புள்ளி எரிந்தது. டாக்டரின் கை தானாக டையைச் சரிசெய்தது. கால்கள் தானாக மேடையேறின. என்னை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

பிறகு

ஃபிலிமைக் கழுவினால், கோலின் படங்கள் எல்லாம் திவ்யாவின் சிரிப்பில் ஆடிப்போயிருந்தன. ஒன்றில் அவனுக்கு இரண்டு மூக்கு. தெளிவாக விழுந்தது கடைசிப் படம் மட்டும்தான். விழா மலர் அச்சுக்குப் போகவேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சுதனும் டாக்டரும் முழுப் பக்கத்தில் வந்தார்கள். 'லண்டன் கலைஞருக்கு மன்றத் தலைவர் பொன்னாடை அணிவிக்கிறார்' என்று கீழே போட்டிருந்தார்கள். கலைஞருக்குப் பெயர் இல்லை. அது ரகுவின் கைவண்ணம். அவருக்குக் கிரீன் கார்டு வந்தது. அடுத்த விழாவில் ஈழத் தமிழர் துயரம் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

பார்சல் ஆபீஸுக்கு அதுவே முதல் ஆல்பம், அதுவே கடைசியும். கிடார்காரர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஆல்பத்தைக் கவனமாகக் கேட்டால் சண்டை மூன்றாவது பாட்டிலேயே தொடங்கிவிட்டது தெரியும்.

படத்தின் பிரதியைச் சுதனுக்கு அனுப்பியிருந்தேன். கோடை தொடங்கும்போது அவன் லண்டனிலிருந்து கூப்பிட்டான்.

"அம்மா பேசினாங்களா தம்பி?" என்றேன்.

"இன்னும் இல்லை அக்கா. ஆனா படத்தைக் கைப்பைக்குள்ள வச்சுக்கொண்டு, கலியாணவீடு, செத்தவீடு எல்லா இடமும் காட்டித் திரியிறாவாம். என்ர மாமி சொன்னவ."

"பரவாயில்லயே."

"ஒரு பிரச்சினை. பக்கத்தில பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறவர் ஆர் எண்டு சனம் கேட்டிருக்கு. அமெரிக்க ஜனாதிபதிக்கு ஆலோசகர் எண்டு அம்மா சொல்லிப்போட்டா."

இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படியே விசிட்டிங் கார்டு அடித்திருப்பார்.